பித்தப்பைக் கல் என்று சொல்லியிருந்தேன்

ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும் என்று சொல்லி நர்ஸ் டம்ளரை என் கையில் கொடுத்தார். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, குமட்டாமல் இருக்க அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தார்கள். 2022 ஜூலை கடைசி, ஆடி மாதம். எனக்கு இருபத்து நான்காவது வாரம். காரைக்குடியில் நான் மாதா மாதம் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையின் சுவரோரப் பெஞ்சில், பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்பார்கள், அதற்குள் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் வந்துவிடலாமா என்று அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை கொட்டி ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வயிற்றைப் பிசைந்தது. எழுந்து கழிவறைக்கு ஓடினேன். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வர முடிந்தது. பெஞ்சில் படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, "வயிற்றில் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை சொன்னார். "போன வருடம் பித்தப்பையில் கல் எடுத்தார்கள் டாக்டர்."

அப்படித்தான் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்கு நடந்தது எடைக் குறைப்புக்கான இரைப்பை பைபாஸ்; இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைத்துவிடுகிற ஆபரேஷன். என் அம்மாவுக்கும் கணவருக்கும் மட்டும் தெரியும். முதல் மாதத்திலிருந்து எனக்குப் பேறுகாலம் பார்த்துவந்த அந்த டாக்டருக்கும் தெரியாது. பதிவு செய்யும்போது "முன்பு அறுவை சிகிச்சை உண்டா?" என்று நர்ஸ் கேட்டபோதும் அத்தை பக்கத்திலேயே இருந்தார். நானும் பித்தப்பை என்றே எழுத வைத்திருந்தேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்ட பெண்கள் இப்போது ஒன்றிரண்டு பேர் இல்லை. குழந்தை நிற்கவில்லை என்பதற்காகவே எடையைக் குறைத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களில் பலர் என்னைப் போலவே ஏதோ ஒரு கல்லின் பெயரையோ குடலிறக்கத்தின் பெயரையோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதை இரண்டு பேர் என்னிடம் ரகசியமாக வந்து கேட்டபோது தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷன் மதுரையில், 2021 ஜனவரியில் நடந்தது. அப்போது என் எடை 112 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் அதிசயம். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. தேவகோட்டையில் அம்மா வீட்டில் நாற்பது நாள் தங்கிவிட்டுக் கோட்டையூருக்குத் திரும்பினேன். மறைத்ததற்குப் பெரிய சூழ்ச்சி எதுவும் இல்லை. "வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள்" என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்ற அச்சம்தான். அந்தச் சொல்லைத் தாங்கும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

மதுரையில் இரண்டு விஷயங்களைத் தெளிவாகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்திரைகள் ஆயுளுக்கும் நிறுத்தக் கூடாது. ஒன்றரை வருடமாவது கருத்தரிக்கக் கூடாது, எடை வேகமாக இறங்குகிற காலத்தில் உடம்பு தனக்கே போதாமல் தவிக்கும். இரண்டையும் நான் காப்பாற்றவில்லை. பத்தாவது மாதத்தில் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விட்டேன். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. உடம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. கருத்தடைக்கு எதுவும் செய்யவில்லை. ஐந்து வருடமாக நிற்காத கரு இப்போது மட்டும் நின்றுவிடுமா என்று இருந்துவிட்டேன். எடை இறங்கினால் சினைமுட்டை தானாக வெளிவரத் தொடங்கும், எதிர்பாராமல் கரு தங்குவது அப்போதுதான் அதிகம் என்பதை நான் யோசிக்கவில்லை. பைபாஸ் செய்தவர்களுக்கு வாய்வழிக் கருத்தடை மாத்திரையும் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால், தள்ளிப்போட நினைப்பவர்கள் காப்பர் டி போன்ற வேறு வழியைக் கேட்டுக்கொள்வது நல்லது. 2022 மார்ச்சில் இரண்டு கோடு தெரிந்தபோது ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம். எடை 71 கிலோ.

அந்த இரண்டு கோட்டைப் பார்த்து நானும் அவரும் அழுத அழுகையை எழுத வேண்டியதில்லை.

ஏழாவது வாரத்தில் வாந்தி தொடங்கியது. மூன்று வாரம் தண்ணீர்கூடத் தங்கவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் தெளிந்தது என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். அது எவ்வளவு பெரிய கத்தி முனை என்பது மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது. நீண்ட நாள் வாந்தி எடுக்கும்போது தயமின் என்கிற வைட்டமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும், உடம்பில் அதற்குப் பெரிய சேமிப்பு கிடையாது. பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, மூளையே பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழம்புவது எல்லாம் அதன் அறிகுறிகள். தயமின் ஊசியை முதலில் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். ஆபரேஷன் விவரம் தெரிந்திருந்தால் அந்த கிளினிக்கில் அப்படித்தான் செய்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் நேரவில்லை. அது அதிர்ஷ்டம் மட்டுமே.

வாந்தி நின்ற பிறகு வேறொன்று வந்தது. நான் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். என் மேசையில் எந்நேரமும் சாம்பிள் அரிசி சிறு தட்டுகளில் இருக்கும். ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் மதியம் பார்க்கிறேன், தட்டு காலி. பில் எழுதிக்கொண்டே, என்னை அறியாமல், ஒவ்வொரு சிட்டிகையாக எடுத்து மென்று தீர்த்திருக்கிறேன். அந்த வறட்டு மாவு வாசனைக்கு நாக்கு ஏங்கியது. வீட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப்போட்ட பச்சரிசியை அள்ளித் தின்றேன். "மசக்கைதானே, தின்னட்டும்" என்று அத்தையும் சிரித்தார். எதிர்வீட்டு ஆச்சி மட்டும், "சோகை பிடித்த பிள்ளைகள்தான் அரிசி தின்னும், டாக்டரிடம் கேள் ஆத்தா" என்றார். ஆச்சி சொன்னதுதான் சரி. இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போகும்போது பச்சரிசி, மண், சாம்பல், ஐஸ் கட்டி என்று உணவல்லாத ஒன்றின் மேல் வெறி வரும். நாக்கின் சொரசொரப்பு போய் வழுவழுப்பாகி, மிளகாய் பட்டால் தீயாக எரிந்தது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. எல்லாவற்றையும் கர்ப்பத்தின் கணக்கிலேயே எழுதினேன்.

இனி அந்த பெஞ்சுக்கு வருகிறேன்.

"கல் இல்லை டாக்டர், எடை குறைக்கிற பைபாஸ்" என்று சொன்னேன். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் கோபப்படவில்லை. குளுக்கோஸ் குடித்ததும் வந்ததற்குப் பெயர் டம்பிங் என்றார். இரைப்பையில் தங்கி மெல்ல மெல்ல இறங்க வேண்டிய சர்க்கரை, கட்டைவிரல் அளவுப் பையிலிருந்து நேராகச் சிறுகுடலுக்குள் கொட்டுகிறது; குடல் தண்ணீரை இழுக்கிறது, ரத்த அழுத்தம் தடுமாறுகிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு இந்தச் சோதனையே செய்யக் கூடாது என்றார். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பார்த்து எழுதி வரச் சொன்னார். வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், ஒரு மணி நேரம் கழித்து 140க்குக் கீழ் இருந்தால் போதும்.

அன்றே ஒரு குழாய் அல்ல, ஐந்து குழாய் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாளில் முடிவுகள் வந்தன. ஹீமோகுளோபின் 8.6; கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே சோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6, அதாவது களஞ்சியம் துடைத்துவிட்ட மாதிரி. பி12 142, வைட்டமின் டி 11, இரண்டுமே குறைவு. நான்காவது மாதத்திலிருந்து கிராம சுகாதாரச் செவிலியர் கொடுத்த சிவப்பு மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கியவள் நான். அதில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. எல்லோருக்கும் ஏறுகிற மாத்திரை எனக்கு மட்டும் ஏறவில்லை.

ஏன் என்பதை மதுரை சர்ஜனிடம் போனில் பேசியபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். எங்கள் ஊர் வீடுகளை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். முகப்பில் நுழைந்து, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாக நடந்து பின்வாசலுக்குப் போக வேண்டும். இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வது குடலின் முதல் கட்டுதான். பைபாஸில் சாப்பாடு அந்தக் கட்டுக்குள் நுழையாமல், சந்து வழியாக நேரே அடுத்த கட்டுக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, மாத்திரையில் உள்ள இரும்பைக் கரைத்துத் தர அமிலம் வேண்டும். சிறு பையில் அமிலமும் குறைவு. பி12 குடலின் கடைசிப் பகுதியில் ஏறுகிறது, ஆனால் அதைக் கைபிடித்து அழைத்துப் போகிற ஒரு புரதம் இரைப்பையில் சுரக்க வேண்டும், சிறு பையில் அதுவும் குறைவு. வேறொரு தப்பையும் நானே சேர்த்துச் செய்திருக்கிறேன். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரவில் ஒரே டம்ளர் பாலோடு விழுங்கினேன். சுண்ணாம்புச் சத்து பக்கத்தில் இருந்தால் இரும்பு ஏறாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் காப்பியும் டீயும் அதே வேலையைத்தான் செய்யும்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அத்தை பேசவே இல்லை. கோட்டையூர் நிறுத்தத்தில் இறங்கித் தெருவுக்குள் நடக்கையில் நின்றார். "உன்னை என்ன சொல்லிவிடுவேன் என்று பயந்தாய்?" என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. கொஞ்ச தூரம் நடந்து மறுபடி நின்றார். "சொல்லியிருந்தால் இந்த ஆறு மாதமும் வேறு மாதிரி சமைத்திருப்பேனே ஆத்தா." அவ்வளவுதான் அவர் கேட்டது. அன்றிலிருந்து என் கர்ப்பத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டார்.

மாத்திரை இரும்பு எனக்கு இனிப் பயன்படாது என்று அரசு மருத்துவமனையில் அயர்ன் சுக்ரோஸ் ஏற்றினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் 200 மி.கி., மொத்தம் ஐந்து முறை. கருப்பட்டிப் பாகின் நிறத்தில் ஒரு மருந்து உப்புத் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் முறை பக்கத்திலேயே நர்ஸ் நின்று பார்த்தார், ஒவ்வாமை வருகிறதா என்று. ஊசி இறங்கிய இடத்தில் கடுப்பும் வாயில் ஒரு இரும்பு ருசியும் மட்டும் இருந்தன. முதல் மூன்று மாதத்தில் இதை ஏற்ற மாட்டார்கள்; அதனால்தான் கருத்தரிப்பதற்கு முன்பே ஃபெரிட்டின் பார்த்து நிரப்பிக்கொள்வது நல்லது. மூன்றாவது முறை ஏற்றி முடித்த வாரத்தில் ஆலையில் உட்கார்ந்திருந்தபோது சாம்பிள் தட்டு என் முன்னால் நிரம்பியபடியே இருப்பதைக் கவனித்தேன். அரிசி வெறும் அரிசியாக இருந்தது. ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.4.

பி12 ஊசியாகவே போட்டார்கள், 1,000 மைக்ரோகிராம். முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்று. எறும்பு ஊர்வது நிற்க இரண்டு மாதமாயிற்று. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை தேறிவிட்ட மாதிரி காட்டும், உள்ளே பி12 குறைவால் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே சாப்பிட வேண்டும் என்பதும் சும்மா சொல்வதில்லை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய், கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. எனக்குக் கர்ப்பம் என்றே தெரிந்தது கிட்டத்தட்ட அப்போதுதான். இருபதாவது வார ஸ்கேனில் முதுகெலும்பு முழுமையாக இருக்கிறது என்று சொன்ன நாளை நினைத்தால் இப்போதும் கை கூப்புகிறேன்.

கால்சியம் மாத்திரையைக் கார்பனேட்டிலிருந்து சிட்ரேட்டுக்கு மாற்றினார்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு வேண்டாம். மருந்துக் கடையில் கால்சியம் என்று கேட்டால் பெரும்பாலும் கார்பனேட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், அட்டையின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் உடம்பு ஏற்காது என்பதால் மூன்று வேளையாகப் பிரித்தார்கள். அத்தை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார்: காலை ஏழு, பதினொன்று, நான்கு, இரவு ஒன்பது. நான் விழுங்கியதும் அவர் கையாலேயே ஒரு கோடு போடுவார். விட்டுப்போனால் அந்தக் கோடு இல்லாத இடம் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் உறுத்தும். நான் சாப்பிட்ட அளவுகள் என் ரிப்போர்ட்டுக்கு எழுதப்பட்டவை, அவற்றை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம்தான் கடினமாக இருந்தது. எங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்து போடுகிற எல்லாம் எனக்கு ஆகாதவை. ஆடிக்குக் கும்மாயம் கிண்டினார்கள், உளுந்தும் கருப்பட்டியும் நெய்யுமாக. எதிர்வீட்டு ஆச்சி பால் பணியாரம் கொடுத்துவிட்டார். நான்கே நான்கு பணியாரம் சாப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, கண் இருண்டு, மீட்டரில் பார்த்தால் 54. இனிப்பு வேகமாக ஏறினால் உடம்பு இன்சுலினை அள்ளிக் கொட்டுகிறது, சர்க்கரை கீழே விழுந்துவிடுகிறது. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவிலும் வெல்லம் இருப்பதால் அதையும் வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கேழ்வரகும் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் வறுத்து அரைத்து, இனிப்பில்லாமல் மோரில் கரைத்துக் குடித்தேன்.

ஆச்சி அடுத்து ஈரல் வறுவல் அனுப்பினார், ரத்தம் ஊறும் என்று. அதையும் மறுக்க வேண்டியிருந்தது, மனம் கஷ்டப்பட்டது. ஈரலில் வைட்டமின் ஏ, ரெட்டினால் என்கிற வடிவத்தில் மிக அதிகம். கர்ப்ப காலத்தில் அது அளவு மீறினால் குழந்தைக்கு ஊனம் வரக்கூடும். எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கிற மல்டிவைட்டமின்கள் சிலவற்றிலும் இதே ரெட்டினால் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்ததும் அதை, காய்கறிகளில் இருக்கும் வடிவமான பீட்டா கரோட்டின் உள்ள மாத்திரையாக மாற்றச் சொல்ல வேண்டும். அதற்காக வைட்டமின் ஏ வேண்டாம் என்று ஆகிவிடாது. பைபாஸ் செய்தவர்களுக்கு அதுவும் குறையும், மாலை மங்கலில் கண் தடுமாறும். பரங்கிக்காயும் கேரட்டும் முருங்கைக்கீரையும் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் வந்தன.

நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று ஊட்டச்சத்து நிபுணர் சொன்னபோது பெரிய எண்ணிக்கையாகத் தோன்றவில்லை. ஒரு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் உள்ளே போனாலே வயிறு நிறைந்துவிடுகிறவளுக்கு அது மலை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு. அத்தை கணக்குப் போட்டார். தட்டில் சோற்றைக் கடைசிக்குத் தள்ளினார். முதலில் மீன் அல்லது முட்டை அல்லது கெட்டிப் பருப்பு, அடுத்து காய், வயிற்றில் இடம் இருந்தால் சோறு. தலைமுறை தலைமுறையாகச் சோற்றை நடுவில் குவித்துப் பரிமாறிய கை அவருடையது. அது எளிதாக மாறவில்லை, ஒரு வாரம் பழக்கத்தில் முதலில் சோற்றுக் கரண்டியைத்தான் எடுப்பார், நிறுத்துவார், வைத்துவிட்டுக் குழம்புச் சட்டியை இழுப்பார். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும்தான் குடிக்கலாம். ஆட்டுக்கறி எனக்கு நெஞ்சில் நின்றது. அயிரை மீன் இதமாக இறங்கியது, முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். எலும்பு ரசத்தில் எல்லாச் சத்தும் இறங்கியிருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். அதில் புரதமும் கால்சியமும் மிகக் குறைவு. சின்ன வயிற்றை அதைக் குடித்து நிரப்பினால் மற்றதற்கு இடம் இருக்காது. இதை அத்தையிடம் சொல்வதற்குத்தான் எனக்கு மிகவும் தயக்கமாக இருந்தது.

என் மனத்துக்குள் இருந்த ஒரு கோணலையும் சொல்லிவிட வேண்டும். தராசில் முள் ஏறும்போதெல்லாம் எனக்குப் பயம் வந்தது. 112க்குத் திரும்பிவிடுவேனோ என்று நான்காவது, ஐந்தாவது மாதங்களில் இரவுச் சாப்பாட்டை யாருக்கும் தெரியாமல் பாதியாக்கினேன். குழந்தையின் வளர்ச்சியிலிருந்து நான் திருடியது அது. இருபத்தெட்டாவது வார ஸ்கேனில் குழந்தை வாரக் கணக்குக்குச் சற்றுச் சிறியதாக இருந்தது. இந்த ஆபரேஷன் செய்த தாய்மார்களுக்குக் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எழுதினார்கள். என் உடல்வாகுக்கு ஏழிலிருந்து பதினொரு கிலோ ஏறுவது நியாயம்தான் என்று டாக்டர் தாளில் எழுதியே காட்டினார். முப்பத்திரண்டாவது வார ஸ்கேனில் வளர்ச்சிக் கோடு நிமிர்ந்தது. மொத்தம் எட்டு கிலோ ஏறினேன்.

ஆவணியில் வளைகாப்பு நடந்தது. அது முடிந்து சில வாரத்தில் ஒரு இரவு மேல்வயிற்றில் பிடித்து இழுக்கிற வலி. வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணீர் குடித்துப் படுக்கலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் உள்ளேயே ஒரு இடுக்கில் நுழைந்து சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வளரும் கர்ப்பப்பை குடலை மேலே தள்ளும்போது அது கூடுகிறது. தாமதித்தால் குடல் அழுகிவிடும். அதனால் அந்த இரவே கார் பிடித்து மேலூர் வழியாக மதுரைக்குப் போனோம். சர்ஜனும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஒரு இரவு வைத்திருந்து, அது இல்லை என்று உறுதி செய்து அனுப்பினார்கள். வீணாகப் போய் வந்தோம் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

தீபாவளி முடிந்து பத்து நாளில், முப்பத்தெட்டாவது வாரத்தில், மகள் பிறந்தாள். சுகப் பிரசவம். பைபாஸ் செய்ததற்காகச் சிசேரியன் செய்ய வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. 2.6 கிலோ. தையல் வலிக்கு வழக்கமாக எழுதும் மாத்திரையை நர்ஸ் நீட்டியபோது, அது என் சிறு பையில் புண் உண்டாக்கும் வகை என்று சொல்லி, பாராசிட்டமால் வாங்கிக்கொண்டேன். அந்த மாத்திரையைத் தடுக்க எனக்கு இப்போது வாய் இருந்தது.

தாய்ப்பால் கொடுத்த காலம் முழுக்க பி12 ஊசியை விடவில்லை. தாய்க்கு பி12 குறைந்தால் பாலிலும் குறையும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை சில மாதங்களில் சோர்ந்து, கற்ற அசைவுகளை மறந்து, கை கால் நடுங்கத் தொடங்கும். அதனால் மூன்றாவது மாதத்தில் எனக்கும் அவளுக்கும் ரத்தம் பார்த்தோம்.

அதற்கு முன்னால், ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத் துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். நல்ல கூட்டம். எங்கள் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். செவிலியர் புதியவர். அட்டையைப் புரட்டிவிட்டு, தாய்க்கு ஏதாவது உடல்நலக் குறை உண்டா என்று கேட்டார். நான் குழந்தையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"மருமகளுக்கு எடைக்காக வயிற்றில் பைபாஸ் செய்திருக்கிறது அம்மா" என்று அத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "இரும்பு மாத்திரை பிடிக்காது, ஊசிதான். மாதா மாதம் ஐந்தாம் தேதி பி12. அதையும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்."